வீட்டுக்குள் ஆமைத் தொட்டி: செங்கல் அடுக்குவது முதல் வெயில் காட்டுவது வரை

என் மருமகன் மட்டக்களப்பு நகரத்து மீன் கடையொன்றில் ஆமைக்குட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். பத்து ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிது. உடம்பு பச்சை, கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு. அதோடு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணத்தின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம். "மாமா, இது இவ்வளவுதான் வளருமாம். கிண்ணம் போதுமாம்" என்றான். மூன்று மாதத்தில் அதன் ஓடு ஊறவைத்த அப்பளம் போல மெத்தென்று ஆகிவிட்டது. கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. சாப்பாட்டைத் தொடவில்லை.

அந்த ஆமை பிழைத்துக்கொண்டது. இப்போது அதன் ஓடு என் உள்ளங்கையை மறைக்கிறது. பிழைத்ததற்கு மருந்து ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அதன் இருப்பிடத்தை மாற்றியது. கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தை மூலையில் அதற்கு ஒரு தொட்டி கட்டினோம். எப்படிக் கட்டினோம், எங்கே பிழைவிட்டோம் என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். கிண்ணத்தோடு ஆமையை வாங்கிவிட்டு, அது ஏன் சோர்ந்து கிடக்கிறது என்று தெரியாமல் தவிக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய இருக்கின்றன.

முதலில், எந்த ஆமை?

கடையில் விற்கும் இந்தப் பச்சைக் குட்டி சிவப்புக் காது ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தைச் சேர்ந்தது. பெண் ஆமையின் ஓடு 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வளரும். ஆண் 20 சென்ரிமீற்றர் அளவில் நின்றுவிடும். ஆணுக்கு முன்கால் நகங்கள் நீளமாக இருப்பதை வைத்து அடையாளம் காணலாம். ஆனால் அது தெரிய இரண்டு மூன்று வருடமாகும். நன்றாக வைத்துக்கொண்டால் 20, 30 வருடம் வாழும். இன்று பத்து வயதுப் பிள்ளை வாங்கும் குட்டி, அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறந்த பிறகும் வீட்டில் இருக்கும்.

நட்சத்திர ஆமை, பாலாமை, காராமை ஆகியவை வேறு கதை. வயலிலோ காட்டோரத்திலோ கண்டெடுத்து வீட்டில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இவை நம் நாட்டின் சொந்த ஆமைகள். 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இவற்றைக் காக்கின்றன. வீட்டில் வைத்திருப்பது குற்றம். நட்சத்திர ஆமையை 2019இல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலின் முதல் பிரிவுக்கே மாற்றிவிட்டார்கள், அவ்வளவு கடத்தல். உங்களிடம் ஒன்று இருந்தால் தொட்டி கட்ட வேண்டாம், வனவிலங்குத் திணைக்களத்திடம் ஒப்படையுங்கள். இனி நான் எழுதுவது முழுக்கச் சிவப்புக் காது ஆமைக்கு மட்டும்.

இடம் பார்ப்பது

மேசனைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க வீட்டைச் சுற்றி வெயிலைக் கவனியுங்கள். காலை எட்டு மணி வெயில் எந்த ஜன்னலால் உள்ளே விழுகிறது, பின்னேரம் எந்தச் சுவர் சூடாகிறது என்று பாருங்கள். கிழக்குப் பார்த்த, திறந்து வைக்கக்கூடிய, கம்பி போட்ட ஜன்னல் ஓரம்தான் மிகச் சிறந்த இடம். மேற்குச் சுவர் ஓரம் வேண்டாம். வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது மேற்குச் சுவர் இரவு வரை கொதிக்கும். தொட்டித் தண்ணீரும் அதோடு சேர்ந்து சூடாகும்.

குசினியிலும் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலும் வேண்டவே வேண்டாம். ஆமையின் உடம்பிலும் தண்ணீரிலும் சல்மொனெல்லா என்னும் கிருமி இருக்கும். ஆமைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நமக்கு, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு, வாந்தியும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரும். இந்தக் காரணத்துக்காகவே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தடைசெய்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீட்டில் ஆமையே வேண்டாம் என்பது என் கருத்து.

தொட்டி தயாராகும் வரை

கட்டி முடித்துத் தொட்டியைப் பழக்க ஒன்றரை மாதமாவது ஆகும். அதுவரை 60 முதல் 80 லீற்றர் கொள்ளும் பிளாஸ்டிக் சாமான் பெட்டி போதும். குட்டியின் ஓட்டு நீளத்தைப் போல இரண்டு மடங்காவது தண்ணீர் ஆழம் இருக்கட்டும். ஒரு பக்கம் ஒரு முழுச் செங்கலும் அரைச் செங்கலும் அடுக்கிப் படிபோல வையுங்கள். அதன் மேற்பகுதி தண்ணீருக்கு வெளியே காய்ந்து இருக்க வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களும் மாடியில் இருப்பவர்களும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியோடே தொடரலாம். கீழே நான் சொல்லும் வெயில், வடிகட்டி, மூடி எல்லாம் அதற்கும் பொருந்தும்.

அளவும் பாரமும்

ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கிட்டத்தட்ட 38 லீற்றர் தண்ணீர் என்பது ஆமை வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 10 அங்குல ஆமைக்கு 380 லீற்றர். தொட்டியை இன்றைய குட்டிக்காகக் கட்டாதீர்கள், பத்து வருடத்துக்குப் பிறகு இருக்கப்போகும் ஆமைக்காகக் கட்டுங்கள். நாங்கள் எடுத்த உள்ளளவு இது: நீளம் 5 அடி, அகலம் இரண்டரை அடி, சுவர் உயரம் இரண்டரை அடி. அதில் தண்ணீர் 15 அங்குலம் மட்டும். இந்தக் கணக்கில் சுமார் 440 லீற்றர் வரும்.

கண்ணாடித் தொட்டி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த அளவுக்குத் தடித்த கண்ணாடி வேண்டும், விலை ஏறும். அதோடு நாலு பக்கமும் வெளியே தெரிந்தால் ஆமை ஓயாமல் கண்ணாடியை முட்டிக்கொண்டே இருக்கும். செங்கல் தொட்டியில் அது அமைதியாக இருக்கிறது. இதை நான் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 440 கிலோ தண்ணீரோடு செங்கலும் சாந்தும் சேர்ந்தால் ஒரு தொன்னைத் தாண்டும். அதனால் இது கீழ்வீட்டு நிலத்தில் மட்டும். மேல்மாடித் தளத்தில் கட்ட நினைக்காதீர்கள்.

கட்டுவது

வீட்டுச் சுவரைத் தொட்டியின் ஒரு பக்கமாகப் பயன்படுத்தினால் செங்கல் மிச்சம் என்று மேசன் சொல்வார். விடாதீர்கள். வருடக்கணக்கில் தண்ணீர் நின்றால் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உதிரும். நாலு பக்கமும் தனிச் சுவர் கட்டி, வீட்டுச் சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் அந்த இடுக்கில் எலி குடிவரும், கூட்டித் துடைக்கவும் முடியாது.

சுவருக்கு ஒற்றைச் செங்கல், நாலரை அங்குலத் தடிப்புப் போதும். 15 அங்குலத் தண்ணீரின் அழுத்தத்தை அது தாங்கும். தரை ஒரு மூலையை நோக்கி ஒரு அங்குலம் சரியட்டும். அந்த மூலையில், தரை மட்டத்தில், ஒன்றரை அங்குலப் பீவிசி குழாய் ஒன்றைச் சுவருக்குள்ளால் வெளியே எடுத்து வால்வு போடுங்கள். தொட்டியில் செலவழிக்கும் காசில் மிகப் பிரயோசனமானது இந்த வால்வுதான். இது இல்லாமல் கட்டியவர்கள் கிழமைக்குக் கிழமை வாளியால் இறைத்து, நாரி நோவு வந்து, நாலாம் மாதம் தண்ணீர் மாற்றுவதையே விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த ஆமை அழுக்குத் தண்ணீரில்தான் கிடக்கும். எங்கள் குழாய் ஜன்னலுக்கு வெளியே வாழைப் பாத்திக்குப் போகிறது. அந்தத் தண்ணீரில் வாழை செழிக்கிறது. குழாயின் உள்வாயில் கம்பி வலை பொருத்த மறக்காதீர்கள்.

உள்பூச்சுக்கு ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு மணல், அதோடு ஹார்ட்வெயார் கடையில் விற்கும் நீர்க்கசிவு தடுக்கும் கலவை. மூலைகளைக் கூராக விடாமல் போத்தல் அடியால் தேய்த்து வளைத்துவிடச் சொல்லுங்கள். கூர் மூலையில் அழுக்கு தங்கும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்து வையுங்கள்.

பூச்சு காய்ந்தது என்று உடனே ஆமையை விட்டால் செத்துவிடும். புதுச் சீமெந்து தண்ணீரில் காரத்தை இறக்கும். அது கண்ணையும் தோலையும் எரித்துவிடும். எங்களுக்குக் கட்டித்தந்த மேசன் அண்ணன் சொன்னது இது: "தம்பி, வாழைக்குத்தியத் துண்டு துண்டா வெட்டிப் போட்டு, தண்ணிய நெறச்சி வைங்க. ஒரு கெழமையால தண்ணிய மாத்துங்க, மறுகா குத்தியப் போடுங்க." நம் ஊரில் சீமெந்துத் தொட்டியில் மீன் விடுபவர்கள் எல்லோரும் செய்வதுதான். மூன்று கிழமை, மூன்று முறை. ஒவ்வொரு முறையும் தண்ணீர் கறுத்து நாறும். வால்வைத் திறந்து வெளியே விட்டு, சுவரைத் தும்புப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். கடைசியில் வினாகிரி கலந்த தண்ணீரால் ஒருமுறை கழுவி அலசிவிட்டு, நல்ல தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் வைத்தோம். மீன் கடையில் வாங்கிய பிஎச் தாளைத் தோய்த்துப் பாருங்கள். 7க்கும் 8க்கும் நடுவில் நின்றால் சரி. அதற்கு மேலே காட்டினால் இன்னொரு கிழமை பொறுங்கள்.

காயும் மேடை

இந்த ஆமை தண்ணீரில் வாழ்ந்தாலும் தினமும் சில மணி நேரம் முழுதாகக் காய வேண்டும். ஓடு காயாவிட்டால் பூஞ்சணம் பிடித்து அழுகும். கடையில் விற்கும் மிதக்கும் பிளாஸ்டிக் தட்டு குட்டிக்குச் சரி. வளர்ந்த ஆமை ஏறினால் அது தாழ்ந்துபோகும்.

தொட்டியின் ஒரு அந்தத்தில், உள்ளே மூன்று பக்கச் சுவரிலும் செங்கல் நுனியை நீட்டி விடச் சொல்லுங்கள். அதன் மேல் ஒன்றரை அடி அகலமும் இரண்டரை அடி நீளமுமான கொங்கிரீட் பலகை ஒன்றை வார்த்து வைக்கலாம். பலகையின் மேல்முகம் தண்ணீரைவிட 2 அங்குலம் உயர்ந்திருக்கட்டும். பலகைக்கு மேலே இன்னும் 13 அங்குலச் சுவர் மிஞ்சும், அது அவசியம். ஆமை மெதுவானது என்று நினைக்கிறோம். மூலையில் இரண்டு சுவரையும் உதைத்து அது ஏறுவதைப் பார்த்தால்தான் தெரியும்.

ஏறுவதற்கு 8 அங்குல அகலத்தில் இன்னொரு பலகை, மேடை விளிம்பிலிருந்து சாய்ந்து தண்ணீருக்குள் அரை அடியாவது இறங்க வேண்டும். இரண்டு பலகையையும் வார்த்து இறுகுவதற்கு முன் ஈர்க்குமாறால் ஒருமுறை குறுக்கே இழுத்துவிடுங்கள். நகம் பிடிக்க அந்தக் கோடுகள் போதும், வயிற்று ஓட்டைக் கீறாது. பலகைகளையும் வாழைக்குத்தித் தண்ணீரிலேயே ஊறப்போடுங்கள்.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. சாய்வுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி, ஒன்றில் ஆமை தாராளமாக நீந்திப் போகிற அளவுக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாந்து வைத்து முழுக்க அடைத்துவிட வேண்டும். உடம்பு நுழைந்து சிக்கிக்கொள்ளும் நடுத்தர இடைவெளியில்தான் ஆமைகள் மூழ்கிச் சாகின்றன. ஆமைக்கு நுரையீரல்தான், மீன் போலப் பூ (செவுள்) இல்லை. மேலே வந்து மூச்செடுக்க முடியாவிட்டால் இறந்துவிடும். ஆமை வளர வளர இந்த இடைவெளியைக் கையால் அளந்து பாருங்கள்.

வெயில்

எங்கள் ஆமையின் ஓடு மெத்தென்று ஆனது வெயில் இல்லாததால். கல்சியம் கொடுத்தோம், அதில் குறை இல்லை. ஆனால் தின்ற கல்சியம் எலும்பிலும் ஓட்டிலும் சேர விற்றமின் டி3 வேண்டும். அதை ஆமையின் தோல் உண்டாக்குவதற்கு வெயிலில் உள்ள யூவிபி என்னும் புற ஊதாக் கதிர் வேண்டும். "ஜன்னலோரம்தானே வைத்திருந்தோம்" என்று என் தங்கை அழாக்குறையாகச் சொன்னாள். ஜன்னல் மூடியிருந்தது. சாதாரண ஜன்னல் கண்ணாடி யூவிபி கதிரைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடுத்துவிடும். வெளிச்சமும் சூடும் மட்டும் உள்ளே வரும். பார்ப்பதற்கு நல்ல வெயில் போலவே இருக்கும், ஆமைக்கு அதனால் பிரயோசனம் இல்லை. பெரும்பாலான வீடுகள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அதனால் கிழக்கு ஜன்னலைக் காலையில் திறந்து விடுங்கள். வெயில் நேராக மேடை மேல் விழ வேண்டும். அதற்காகத்தான் இடத்தை முதலில் பார்க்கச் சொன்னேன். நேர் வெயில் விழாத வீடு என்றால், கிழமைக்கு நாலைந்து நாள் காலை எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் அரை மணி நேரம் வெளியே எடுத்துச் செல்லுங்கள். பெரிய பேசினில் கொஞ்சம் தண்ணீர், பாதிக்குமேல் நிழல், பக்கத்தில் ஒரு ஆள். பேசினாக இருக்கட்டும், கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைக்காதீர்கள். கண்ணாடிக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும், ஆமை ஒளிய இடமில்லாமல் வெந்துபோகும். காகமும் பருந்தும் குட்டியைத் தூக்கும், ஆகவே அந்த அரை மணி நேரமும் அசையாதீர்கள்.

மழைக்காலத்தில், ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை, சூரியனையே பார்க்காத நாட்கள் அடுத்தடுத்து வரும். அதற்கு ஊர்வனவுக்கென்று விற்கும் யூவிபி விளக்கு ஒன்று தேவை. கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டி வரலாம், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெட்டியில் யூவிபியின் அளவைக் குறிக்க 5.0 அல்லது 10.0 என்று போட்டிருக்கும். மேடையிலிருந்து 25 முதல் 30 சென்ரிமீற்றர் உயரத்தில், நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல் தொங்கவிடுங்கள். தினம் 10 முதல் 12 மணி நேரம் எரியட்டும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் யூவிபி மெல்லக் குறைந்துபோகும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். வாங்கிய திகதியை விளக்குப் பிடியில் ஒட்டிவையுங்கள்.

வீட்டு எல்இடி பல்பிலும் ரியூப் லைற்றிலும் போதிய யூவிபி கிடையாது. இன்னொரு எச்சரிக்கை: தண்ணீரைக் கிருமி நீக்க விற்கும் யூவிசி விளக்கு வேறு. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் மாற்றி வாங்கிவிடாதீர்கள். அது ஆமையின் கண்ணையும் உங்கள் கண்ணையும் கெடுக்கும்.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊரே சூடானது. மேடை 32 முதல் 35 பாகை செல்சியஸ், தண்ணீர் 24 முதல் 28 பாகை. இதுதான் வேண்டும். மழைநாட்களில் மட்டும் மேடைக்கு மேலே ஒரு அடி உயரத்தில் 50 வோற்ஸ் ஹலோஜன் விளக்கு ஒன்றைப் பகலில் போட்டால் போதும். கச்சான் நாட்களில் தண்ணீர் 30 பாகையைத் தாண்டினால் கால்வாசியை இறக்கிவிட்டு, நிழலில் வைத்திருந்த தண்ணீரை நிரப்புங்கள். ஐஸ் போடாதீர்கள். இதற்கெல்லாம் ஒரு வெப்பமானி வாங்கித் தண்ணீருக்குள் விட்டுவையுங்கள்.

வடிகட்டி

ஆமை மீனைவிடப் பல மடங்கு அழுக்காக்கும். மீன் தொட்டிக்கு விற்கும் சின்ன வடிகட்டி இரண்டு நாளில் அடைத்துவிடும். மணிக்கு 1500 முதல் 2000 லீற்றர் தள்ளும் நீர்மூழ்கிப் பம்ப் ஒன்றும், மூடியுள்ள புது 20 லீற்றர் வாளி ஒன்றும் இருந்தால் நல்ல வடிகட்டியை நாமே செய்யலாம்.

பம்பிலிருந்து வரும் குழாய் வாளியின் மேலால் நுழைந்து அடிவரை போகட்டும். வாளிக்குள் கீழிருந்து மேலாக முதலில் பரும்படி ஸ்பொஞ்ச், அதன் மேல் மெல்லிய ஸ்பொஞ்ச், அதற்கு மேல் உடைத்துக் கழுவிய கூரை ஓட்டுத் துண்டுகள். தண்ணீர் அடியிலிருந்து இவற்றையெல்லாம் கடந்து மேலே ஏறி, வாளியின் மேற்பக்கம் பொருத்திய ஒன்றரை அங்குலக் குழாயால் தொட்டிக்குள் விழும். வெளியேறும் குழாய் உள்வரும் குழாயைவிடப் பெரிதாக இருப்பது கட்டாயம். உள்வரும் குழாயில், வாளியின் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஆணியால் ஒரு சிறு துளை இடுங்கள். கரண்ட் போனதும் அந்தத் துளையால் காற்று நுழையும், வாளித் தண்ணீர் அழுக்கோடு திரும்பித் தொட்டிக்குள் இறங்காது.

நாங்கள் வாளியைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாங்கில் மேல் வைத்தோம். ஒரு இரவு, ஆமை தின்னப் போட்ட கங்குன் கீரை இலைகளைப் பம்ப் இழுத்து அரைத்து, மேல் குழாய் அடைத்து, வாளி நிரம்பி வழிந்தது. விடிய எழுந்து பார்த்தால் விறாந்தை முழுக்க வெள்ளம். தொட்டியில் பாதித் தண்ணீர் இல்லை, பம்ப் காய்ந்து கருகிவிட்டது. அன்றே இரண்டு பலகைகளைத் தொட்டிக்குக் குறுக்கே போட்டு வாளியை அதன் மேல் ஏற்றினோம். இப்போது வாளி வழிந்தாலும் தொட்டிக்குள்தான் விழும். நீங்கள் முதலிலேயே இப்படி வையுங்கள்.

வடிகட்டியின் உண்மையான வேலையைச் செய்வது ஸ்பொஞ்சிலும் ஓட்டுத் துண்டிலும் குடியேறும் நல்ல பக்டீரியா. ஆமையின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் அவை மாற்றும். முழுதாகக் குடியேற நாலு முதல் ஆறு கிழமை ஆகும். அதுவரை தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஸ்பொஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் அந்தப் பக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து அதிலேயே பிழியுங்கள்.

கரண்ட் பல மணி நேரம் போனால் அந்தப் பக்டீரியா மூச்சுத் திணறிச் சாகும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு வாளியில் நின்ற தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுத்தான் பம்பைப் போட வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரே ஒரு கட்டளை: ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் பம்பையோ விளக்கையோ தொட்டியில் பொருத்தாதீர்கள். வயர்கள் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி வளைந்து போகட்டும், வடியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். தண்ணீருக்குள் கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள்.

தண்ணீர்

கிழமைக்கு ஒருமுறை கால்வாசி, அதாவது 110 லீற்றர் அளவு, வால்வால் இறக்கி நிரப்புங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் அகன்ற பாத்திரத்தில் வைத்து எடுப்பது நல்லது. கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் நம் எழுவான்கரையில் கோடை முடிவில் பல கிணறுகள் உவர்க்கும். வாயில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரித்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

அடியில் சல்லிக்கல், கடற்கரை மணல் எதுவும் போடாதீர்கள். சின்னக் கல்லை ஆமை விழுங்கிக் குடல் அடைக்கும். வெறும் தரைதான் கழுவ வசதி. அழகுக்குக் கல் வேண்டுமென்றால் ஆமையின் தலையைவிடப் பெரிய கல்லாக இருக்கட்டும். வயல் வாய்க்காலில் இருந்து செடி பிடுங்கிப் போடுவதும் வேண்டாம், மருந்து அடித்த தண்ணீரில் வளர்ந்தது.

மூடி

மரச்சட்டத்தில் அரை அங்குலக் கம்பி வலை அடித்து இரண்டு துண்டாக மூடி செய்யுங்கள். பூனையைவிட எலிக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். இரவில் மேடையில் தூங்கும் ஆமையின் காலைக் கடித்துவிடும். யூவிபி விளக்கு மட்டும் வலைக்கு உள்பக்கம் இருக்கட்டும். வலை கதிரில் ஒரு பங்கை மறைத்துவிடும். விளக்கைக் கிளிப்பை நம்பி விடாமல் சங்கிலியாலும் கட்டுங்கள்.

டெங்கு விடயத்தில் கவனம் வேண்டும். ஓடும் தண்ணீரில் நுளம்பு முட்டை இடுவது குறைவு, புழு வந்தாலும் ஆமை தின்றுவிடும். ஆபத்து தொட்டியில் இல்லை, பக்கத்தில் குளோரின் போக வைத்த பாத்திரத்தில் இருக்கிறது. அதை மெல்லிய துணியால் மூடிக் கட்டி வையுங்கள்.

சாப்பாடு, சுருக்கமாக

குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இறைச்சி வகை கிழமைக்கு இரண்டு மூன்று முறை: ஆமைத் தீன், உப்பிடாத நெத்தலி, தோல் நீக்காத சின்ன இறால், மண்புழு. வளர வளரக் கீரை அதிகமாகட்டும். எங்களுடையது கங்குனுக்கு உயிரை விடும், முருங்கையிலையும் தின்னும். பசளிக்கீரை கல்சியத்தைப் பிடித்து வைத்துவிடும், அதிகம் வேண்டாம். சோறு, பாண், சொசேஜ் கூடாது. கணவாய் ஓடு ஒன்றைக் கழுவி அவித்துக் காயவைத்துத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். வேண்டியபோது வந்து கடிக்கும், கல்சியத்துக்கு இதைவிட மலிவான வழி இல்லை. தனிப் பேசினில் வைத்துத் தீன் கொடுத்தால் தொட்டி பாதி அழுக்காகாது. ஆமையையும் தொட்டிச் சாமான்களையும் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகள் கழுவுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஆமையை உள்ளே விட்ட பிறகு

முதல் மூன்று நாட்கள் அடியில் மூலையில் ஒளிந்திருக்கும், சாப்பிடாது. விட்டுவிடுங்கள். தினம் தூக்கிப் பார்த்தால் இன்னும் பயப்படும். ஒரு கிழமைக்குள் மேடையில் ஏறிக் கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு காயத் தொடங்கினால் எல்லாம் சரி. ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தால், மூக்கால் குமிழி வந்தால், கண் வீங்கினால், ஓடு அமுங்கினால் வைத்தியரிடம் போக வேண்டும். ஊர்வன பார்த்துப் பழகாத மிருக வைத்தியர்களும் உண்டு. அப்படியானால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

பெண் ஆமை வளர்ந்தபின் ஆண் இல்லாமலும் முட்டை வைக்கும். இடம் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளே தங்கி உயிருக்கே ஆபத்தாகும். சாப்பாட்டை விட்டு, மேடையைப் பின்காலால் தோண்டுவது போலச் சுரண்டினால் அதுதான் அறிகுறி. ஒரு பெரிய பெட்டியில் ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணலும் மண்ணும் கலந்து போட்டு, ஆமையை அதில் தனியாக, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் சில மணி நேரம் விடுங்கள்.

மழை தொடங்கும் முன் இன்னொன்றையும் தயார் செய்து வையுங்கள்: காற்றுத் துளை போட்ட, பூட்டக்கூடிய மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி. 2011 தை மாத வெள்ளத்தில் முற்றத்துத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த ஊர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். வெள்ளம் தொட்டிச் சுவரை எட்டினால் ஆமை நீந்தி வெளியே போய்விடும், போனால் வாவிக்குத்தான் போகும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இந்தச் சிவப்புக் காது ஆமையும் இருக்கிறது. நம் குளத்துக் காராமையும், இலங்கையில் மட்டுமே வாழும் பாலாமையும் காயும் இடத்தையும் தின்னும் இரையையும் இது பிடுங்கிக்கொள்ளும், புது நோய்களையும் கொண்டுபோகும். வளர்க்க முடியவில்லை, பாவம் என்று வாவியிலோ உன்னிச்சைக் குளத்திலோ கோயில் கேணியிலோ விடுவதும் இதே கேடுதான். முடியாத நிலை வந்தால் தொட்டியோடு பம்போடு எடுத்துக்கொள்ள ஒருவரைத் தேடுங்கள். ஆள் கிடைக்கும் வரை ஆமை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். வெள்ள எச்சரிக்கை வந்த அன்றிரவே அதைப் பெட்டிக்குள் எடுத்து, நனைந்த துணி ஒன்றை அடியில் விரித்து, வீட்டில் உயரமான இடத்தில் வைத்துவிடுங்கள். ஓரிரு நாள் தண்ணீர் இல்லாமல் அது தாங்கும்.